கூப்பிட்டது யாரென்று பார்க்கப் போனவள்

அரிசி மில்லை மூடிய வருஷம்தான் அசீசுன்னிசாவுக்கு லாட்ஜ் வேலை வந்தது. அவள் தேடிப் போகவில்லை, வேலையே வீடு தேடி வந்தது. செஞ்சி பஜாரில் மளிகை மண்டி வைத்திருந்த சிங்காரவேலு, தன் லாட்ஜ் மேனேஜர் பாலசுப்பிரமணியனை அனுப்பியிருந்தார். மேனேஜர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நடையில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் பஷீர் அகமதுவிடம்தான் பேசினார். அவளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெருவுக்கே தெரியும்.

"ரூம் பெருக்கித் துடைக்கணும், பெட்ஷீட் துவைக்கணும், தண்ணி ரொப்பி வைக்கணும். காலைல வந்தா விளக்கு வைக்கற நேரத்துக்கு வூட்டுக்கு வந்துடலாம். மொதலாளி உங்க வூட்டம்மாவத்தான் கூட்டியாரச் சொன்னாரு."

"அதுக்குக் காது கேக்காதுங்களே" என்றான் பஷீர்.

"தெரியும் பாய். அது பரவால்ல."

பஷீர் மனைவியின் பக்கம் திரும்பி, துடைப்பம் பிடிப்பதுபோல் கையை அசைத்தான். கன்னத்தில் உள்ளங்கையை வைத்துப் படுப்பதுபோல் காட்டினான். பிறகு கோட்டைப் பக்கம் விரலை நீட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாண வாழ்க்கையில் பாதியை அவர்கள் இப்படித்தான் ஓட்டியிருந்தார்கள்.

மில்லில் அவள் நின்ற இடம், நெல் அரைத்துக் காதைப் பிளக்கும் ஹல்லர் மிஷினுக்குப் பக்கம். தவிடு அள்ளுவது, கோணி பிடிப்பது, சிந்தியதைக் கூட்டுவது. காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் கொசுவின் சத்தம் போனது. அப்புறம் பால்காரனின் மணி. அப்புறம் பள்ளிவாசல் பாங்கு. மகள் முன்னி முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தோளைத் தொட ஆரம்பித்தது எப்போது என்று அவளால் சொல்ல முடியாது. அதே சமயத்தில்தான் லாரி ஷெட்டில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி பஷீரின் இடது கால் நசுங்கியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மில்லுக்கும் அலைந்த அந்த நாட்களில் ஒரு பொம்பளையின் காதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. அவளுக்கே இல்லை.

லாட்ஜ் திருவண்ணாமலை ரோட்டில் ராஜகிரி மலையைப் பார்த்தாற்போல் இருந்தது. கீழே சில அறைகள், மேலே சில அறைகள், மாடித் தாழ்வாரத்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறைகள். சிங்காரவேலு கட்டடம் எழுப்புவதற்கு முன் அது மல்லாட்டை எனும் வேர்க்கடலை விளைந்த மேட்டு நிலம். ஊரில் குதிரைமேடு என்பார்கள். ஏர் ஓட்டும்போது துருப்பிடித்த லாடமும் இரும்புக் குண்டும் வந்ததாகவும், ஒருமுறை பல்லோடு ஒரு தாடை எலும்பு வந்ததாகவும் பேச்சு. செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்தவர்கள் ஒருவரா, இருவரா? எந்தச் சண்டையில் யார் அந்த மேட்டில் விழுந்தார்கள் என்று திட்டமாகச் சொல்ல ஆளில்லை. விழுந்தார்கள் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள்.

சிங்காரவேலு அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. கோட்டை பார்க்க வருகிறவர்கள், சினிமா ஷூட்டிங் ஆட்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள் எல்லோருக்கும் தங்க இடம் வேண்டியிருந்த காலம் அது. ஆனால் லாட்ஜ் திறந்த கொஞ்ச நாளிலேயே சத்தத்தைப் பற்றிய பேச்சு கிளம்பிவிட்டது. ராத்திரியில் அல்ல. வெயில் தாழ்ந்து, பகலெல்லாம் காய்ந்த பாறைகள் சூடு விடுகிற நேரத்தில்தான் அது கேட்கும் என்றார்கள். மாடியில் சங்கிலியை இழுக்கிறாப்போல இருக்கிறது என்றார் ஒரு ரெப். குதிரை மூச்சு விடுகிறது என்றார்கள் ஷூட்டிங்குக்கு வந்த லைட் ஆட்கள். யாரோ தண்ணீர் கேட்கிறார்கள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய குடும்பமும் உண்டு.

"பாறை சூடு விடற சத்தம்யா அது" என்பார் சிங்காரவேலு.

"பாறைக்கு வாய் இருக்குதா மொதலாளி, தண்ணி கேக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அதுவரை அறை பெருக்கிக்கொண்டிருந்த தனகோட்டி என்ற பெண் வேலையை விட்டுப் போனாள். அவளுக்குப் பின் வந்தவளும் மாசம் முடியும் முன்னே போய்விட்டாள். அப்போதுதான் மேனேஜர் பாலசுப்பிரமணியனுக்கு மில்லில் வேலை செய்த செவிட்டுப் பொம்பளையின் ஞாபகம் வந்தது.

இது எதுவும் அசீசுன்னிசாவுக்குத் தெரியாது. தன் கை சுத்தத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. மில்லின் தூசிக்கு லாட்ஜ் எவ்வளவோ மேல். சாயங்கால வெயிலில் மாடித் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள், அறைக்காரர்கள் கதவைத் திறந்து அவளைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு முகம் தெளிந்து உள்ளே போவார்கள். ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த நேரத்துக்கு மாடியில்தான் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சைகை காட்டியிருந்தார். வேலை இல்லாவிட்டால் படிக்கட்டின் மேல் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பொத்தான் தைக்கச் சொல்வார்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அறையிலிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரைக் காட்டி ஏதோ கேட்டாள். 'கேக்கலையா?' என்ற உதட்டசைவு புரிந்தது. அசீசுன்னிசா தன் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு கீழே நின்ற மேனேஜரை எட்டிப் பார்த்தாள். 'ஓ, அதான் இந்தம்மாவ வெச்சிருக்கீங்களா?' என்று அவள் கேட்டதும், மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டதும், ஒரு சொல் கேட்காமலே அசீசுன்னிசாவுக்கு விளங்கிவிட்டது.

மாடியில் ஏதோ சத்தமாமே, காது கேட்காதவள் என்றுதான் என்னை வைத்தார்களா என்று அன்றைக்கு வீட்டில் பஷீரிடம் கேட்டாள். அவன் முதலிலிருந்தே தெரியும் என்று தலையசைத்தான். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான்போல. கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான். அவளுக்குக் கோபப்படத் தெம்பில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனாள். வேறென்ன செய்வது?

ஊரில் அவளுக்கு ஒரு பெயர் வந்திருந்தது. பேய்க்கு அஞ்சாத பாயம்மா என்றார்கள். சிங்கவரத்திலிருந்து உண்ணாமலை என்ற பெண், பயந்த தன் குழந்தையைக் கொண்டுவந்து ஓதி ஊதச் சொன்னாள். அசீசுன்னிசா தனக்கு ஓதத் தெரியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் போவதாயில்லை. கடைசியில் குழந்தையின் நெற்றியில் வாயால் ஊதி அனுப்பினாள். அப்புறம் இன்னும் நாலு பேர் வந்தார்கள். மத்தியானம் கொஞ்ச நேரம் காலை நீட்டலாம் என்றிருந்ததும் போயிற்று.

காதுக்கு மிஷின் கொடுக்கிற முகாம் செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது என்று செய்தி கொண்டுவந்தவள் மகள் முன்னி. அவலூர்பேட்டையில் ஒரு டெய்லருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு பஸ் ஏறி வந்து, அம்மாவை வரிசையில் நிறுத்தி, கூடவே நின்றாள். இரண்டு தீப்பெட்டியை அடுக்கினாற்போல ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், அதன் முனையில் காதுக்குள் வைக்கும் குமிழ். பெட்டிக்குள் பேட்டரி போட வேண்டும். பெட்டியை வைத்துக்கொள்ள முன்னியே ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தாள். முகாமில் டாக்டர் பெட்டியிலிருந்த திருகைத் திருப்பியபோது முதலில் இரைச்சல்தான் வந்தது. ஒரு கணம் ஹல்லர் பக்கத்தில் நிற்பதுபோலவே அவளுக்கு இருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து "அம்மா, கேக்குதா?" என்று ஒரு பொம்பளையின் குரல் வந்தது. முன்னியின் குரல் அது. அவள் நினைவில் வைத்திருந்ததோ பாவாடை கட்டிய சின்னப் பெண்ணின் குரல்.

வீட்டுக்கு வந்ததும் பஷீர், "இன்னா அசீசு, கேக்குதா?" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க தொண்டைக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலியே."

"கெழவன் கணக்கா இருக்குதே."

"கெழவன்தானே ஆயிட்டேன். நீ கேட்டு எத்தினி வருசம் ஆவுது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலும் ஒரு கரகரப்பு இருந்தது.

விடியற்காலையில் அவள் மிஷினை மாட்டிக்கொண்டு அடுப்பு மூட்டும்போது அவன் முனகுவது கேட்டது. புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகினான். கால் வலி. பத்து வருஷமாக அவன் பக்கத்திலேயே படுத்திருந்தவள் அவள். கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் அவன் வாய்விட்டே முனகிப் பழகியிருந்தான். அவள் வெந்நீர் வைத்து, துணியை நனைத்து அவன் காலில் ஒத்தடம் கொடுத்தாள். "கேட்டுடுச்சா?" என்றான் அவன், வெட்கப்பட்டவன்போல.

மறுநாள் லாட்ஜுக்கு மிஷினோடு போனபோது மேனேஜர் வாசலிலேயே மறித்தார். முகத்துக்கு நேராக வந்து பேசினார்.

"அசீசம்மா, இத்த இங்க போட்டுனு வராத. மொதலாளி பாத்தா வைவாரு. உனக்கும் கேட்டுச்சின்னா நீயும் ஓடிடுவ. அப்புறம் மாடிக்கு யாரு போவாங்க?"

"கேக்கறதுக்குத்தானே மிஷின்" என்றாள் அவள்.

"வூட்டுல போட்டுக்கோ. இங்க வேணாம். சொல்றதக் கேளு."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. வேலை போய்விடக் கூடாது என்பது அவர் கவலை. அவளுக்கும் அதே கவலைதான். சுருக்குப்பையை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வரத் தொடங்கினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மாட்டிக்கொள்வாள்.

அது புரட்டாசி மாசம். சிங்கவரம் பெருமாளைச் சேவிக்க வந்தவர்களால் லாட்ஜ் நிறைந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்பே அறைக்காரர்கள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். கீழ் அறையில் சோப்புக் கம்பெனி சேல்ஸ்மேன்கள் இருவர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மாடியில் இருந்தவர் ஒரே ஒருவர், வந்தவாசிப் பக்கத்திலிருந்து தனியாக வந்திருந்த இராமச்சந்திரன் என்ற பெரியவர். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் போகலாம் என்று தங்கியிருந்தார்.

அசீசுன்னிசா துவைத்த துணிகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் உலர்த்தினாள். உலர்ந்தவற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள். தாழ்வாரக் கோடியில் குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பெரியவர் குளிக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டு கடந்தாள். அறைகளைத் துடைத்தாள். கடைசியாகத் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தபடியே பின்வாங்கிக் குளியலறைப் பக்கம் வந்தாள். வெயில் தாழ்ந்து மலையின் நிழல் ரோட்டைத் தொட்டிருந்தது. கதவின் அடியில் இருந்த இடைவெளிக்கு ஈரத்துணியை நீட்டியபோது உள்ளேயிருந்து நாலு விரல்கள் வெளியே வந்தன. வெளுத்து, நனைந்து, தரையைப் பிறாண்டிக்கொண்டு.

அவள் அலறினாள். தன் அலறல் தனக்கே கேட்கவில்லை. ஆனால் கீழே கேட்டது. சேல்ஸ்மேன்கள் இருவரும் சீட்டைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், நகரவில்லை.

ஓடவேண்டும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. விரல்களைப் பார்த்தாள். ஒன்றில் வெள்ளி மோதிரம் இருந்தது. பேய்க்கு மோதிரம் எதற்கு என்று தோன்றியது. குனிந்து அந்த விரல்களைத் தொட்டாள். சூடாக இருந்தன. அவை அவள் விரலை இறுகப் பற்றிக்கொண்டன, விடவில்லை. அவளாகத்தான் பலவந்தமாக விடுவித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டியிருந்தது. மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "ஆளு, ஆளு" என்றாள். அவர் வர மறுத்தார். "ஆளு உயுந்து கெடக்குது, கடப்பாரை எடுங்க" என்று அவர் முகத்தில் அறைவதுபோல் சொன்ன பிறகுதான் அவர் கால் நகர்ந்தது.

கதவைப் பெயர்த்தார்கள். பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கிக் கீழே கொண்டுவந்து, பெஞ்சில் கிடத்தி, வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேனில் ஏற்றும்போது அவர் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே அசீசுன்னிசாவின் காலில் கிடந்த, வார் மாற்றிய ரப்பர் செருப்பைப் பார்த்தார். அவளுக்கு எதுவும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மிஷினை மாட்டிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தாள். அரிசியில் கல் பொறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. பாலசுப்பிரமணியன் உள்ளே வந்து பஷீருக்கு எதிரே உட்கார்ந்தார். அடுக்களையில் அவள் இருப்பது அவருக்குத் தெரியும். முக்காட்டுக்குள் மறைந்திருந்த ஒயர் தெரியாது. அதனால் எப்போதும்போல் அவள் இல்லாத மாதிரியே பேசினார்.

"நான் கேட்டேன் பாய்."

"இன்னாத்த?"

"மத்தியானம் சாப்ட்டு உக்காந்தப்பவே கேட்டேன். யாராச்சும் வாங்கன்னு கூப்புடுது. தண்ணி குடுங்கன்னு கேக்குது. எப்பவும் கேக்கற சத்தந்தானே, இன்னிக்கு சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சுன்னு ரேடியோவப் பெருசா வெச்சிட்டேன். அந்த சேல்ஸ்மேனுங்களும் கேட்டாங்க. கதவச் சாத்திக்கினாங்க. நாங்க மூணு பேரும் கேட்டோம் பாய். ஒருத்தனும் போவல."

மேனேஜர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேன்ல ஏத்தறப்போ அந்தப் பெரியவரு சொல்றாரு, கதவுக்கு அடியில செருப்பு தெரிஞ்சுதாம். ஒரு வாரு செவப்பு, ஒரு வாரு நீலம். வருதாம், போவுதாம். கூப்புட்டுனே இருந்தேன், நிக்கவே இல்லன்றாரு. நான் இன்னா பாய் சொல்றது அவருக்கு? காது கேக்காத பொம்பளையாப் பாத்துத்தான் வேலைக்கு வெச்சோம்னு சொல்றதா? மிஷின் வந்தப்புறமும் போடாதன்னு தடுத்ததே நான்தான்னு சொல்றதா?"

முறம் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். அசீசுன்னிசா நிலைப்படியில் நின்றிருந்தாள். காதிலிருந்து இறங்கிய ஒயரைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்துவிட்டார்.

"நாளையிலருந்து மிஷினைப் போட்டுனுதான் வருவேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வேலையில நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க."

மறுநாள் சிங்காரவேலு லாட்ஜுக்கு வந்தார். அவருக்கும் நேற்றைய விஷயம் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. ஆனாலும் வியாபாரக் கவலை விடவில்லை.

"உனக்கும் அது கேட்டுதுன்னா நீயும் போயிடுவம்மா. மாடியை மூடிட வேண்டியதுதான்."

"கேட்டா கேக்கட்டும் மொதலாளி. ஓடறதுக்கெல்லாம் எனக்கு ஏது தெம்பு?"

சிங்காரவேலு மேனேஜரைப் பார்த்தார். பாலசுப்பிரமணியன், "இருக்கட்டும் மொதலாளி" என்று மட்டும் சொன்னார். அவர் முதலாளியிடம் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். சிங்காரவேலு மேற்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

சில நாள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸின் ஹாரன், காக்கை, குழாயடிச் சண்டை, இதெல்லாமே அவளுக்குப் புதுசாகவும் அலுப்பாகவும் இருந்தன. உலகம் இவ்வளவு சத்தமாகவா இருந்தது என்று பஷீரிடம் கேட்டாள். பிறகு ஒரு சாயங்காலம், பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்து, மலை மேல் வெயில் மஞ்சளான நேரத்தில் கீழே கிணற்றடியில் இருந்தவளுக்கு அது கேட்டது.

மிஷின் கரகரக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். திருகைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை, மாடியில்தான். கனமான எதையோ தரையோடு இழுக்கிறார்கள். நிறுத்துகிறார்கள். மறுபடி இழுக்கிறார்கள். மில்லில் நாள் முடியும் நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இப்படித்தான், தூக்கத் தெம்பில்லாமல் கோணியை இழுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் ஒரு பெருமூச்சு. பிறகு சொல்லாகாத ஒரு குரல், தொண்டை வறண்டவன் கூப்பிடுவதுபோல.

வாசலுக்குப் போய்விடலாம் என்று திரும்பினாள். ரோட்டில் ஜனம் இருந்தது, வெளிச்சம் இருந்தது. ஆனால் நாலு விரல்கள் கண் முன்னே வந்துவிட்டன. படிக்கட்டுக்குப் போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் அறைக் கதவைத் தட்டினாள்.

"யாராச்சும் கூப்டீங்களா?"

பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்து பார்த்தாள். காலி. அடுத்த அறை. அதற்கடுத்தது. குளியலறைகள். மொட்டைமாடி. எங்கும் யாரும் இல்லை. சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. இறங்கி வந்தபோது படியின் அடியில் மேனேஜர் நின்றிருந்தார்.

"யாரு?" என்றார்.

"யாருமில்ல."

அவ்வளவுதான். மறுநாளும் கேட்டது, மறுநாளும் ஏறினாள். இரண்டு நாள் கேட்காமல் இருக்கும், மூன்றாம் நாள் பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டிருக்கும்போது கேட்கும். கையைத் துடைத்துக்கொண்டு எழுவாள். பயம் சீக்கிரமே போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஏறி ஏறி மூச்சு வாங்கியதில் பயப்பட இடமில்லாமல் போயிருக்கலாம். அலுப்புதான் மிஞ்சியது. சில நாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டு, "வரேன் இரு" என்று மேலே பார்த்துச் சொல்வாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"அது அதுதாம்மா. எதுக்கு இப்பிடி ஏறி எறங்கற?" என்று மேனேஜர் கேட்டார்.

"அதுவா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். ஆளா இருந்தா?"

அதற்குச் சில வாரம் கழித்து ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். கிணற்றடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மாடியில் அந்த இழுக்கிற சத்தம் கிளம்பியது. எழ முயன்றாள், முடியவில்லை. மேனேஜர் ரேடியோவை அணைத்தார். சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தார். ஒவ்வொரு கதவாக அவர் தட்டுவதும், "யாருங்க? யாராச்சும் கூப்டீங்களா?" என்று கேட்பதும் அவளுக்குக் கீழே கேட்டது. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் வேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் முறை வைத்துக்கொண்டதுபோல் இருவரும் மாறி மாறிப் போனார்கள்.

நிஜமாகவே ஆள் இருந்ததும் உண்டு. ஒருமுறை குளியலறைத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் ஒரு குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. தாய் கீழே கடையில் இருந்தாள். இன்னொரு முறை சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் கட்டிலுக்குக் கீழே மயங்கிக் கிடந்தார், வாயில் நுரை தள்ளி. மற்ற நாட்களிலெல்லாம் காலி அறைகள்தான். அந்த இரண்டுக்காகத்தான் இத்தனை தடவை ஏறினேனா என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை.

பெரியவர் இராமச்சந்திரன் பிழைத்துவிட்டார். அடுத்த புரட்டாசிக்குக் கோல் ஊன்றிக்கொண்டு வந்தார், மருமகன் துணைக்கு வந்திருந்தான். கீழ் அறையே கேட்டு வாங்கிக்கொண்டார். அசீசுன்னிசா தண்ணீர்க் கூஜாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால், "அம்மா" என்றார். அவள் நின்றாள்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூஜாவிலிருந்து தண்ணீரை ஊற்றிக் குடித்தார். அவளும் அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு வந்தாள். அன்று கேட்காத குரலுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக அவள் நினைத்திருந்தாள். நேரில் வந்தபோது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

எண்பத்தெட்டில் சிங்காரவேலு லாட்ஜை மூடினார். பேய்க்காக அல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புது லாட்ஜுகள் வந்துவிட்டன, ஒவ்வொரு அறைக்கும் உள்ளேயே குளியலறையோடு. அங்கிருந்து இவ்வளவு தூரம் வர யாருக்கும் தோன்றவில்லை. கட்டடம் உரக் கம்பெனியின் கோடவுனுக்கு வாடகைக்குப் போனது. மாடியறைகளில் மூட்டைகளை அடுக்கினார்கள். பாலசுப்பிரமணியன் திண்டிவனத்தில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, பஷீரோடு டீ குடித்துவிட்டு, அசீசுன்னிசாவிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

அவளுக்குச் சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை கிடைத்தது. தன் குழந்தைக்கு ஓதி ஊதச் சொன்ன உண்ணாமலைதான் அங்கே சமையல் செய்தாள், அவள்தான் சொல்லி ஏற்பாடு பண்ணினாள். பாத்திரம் கழுவுவது, தட்டு வைப்பது, பிள்ளைகளை வரிசையில் உட்கார வைப்பது. கோடவுனில் சத்தம் கேட்கிறதா என்று உண்ணாமலை ஒருநாள் கேட்டாள். மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டதாகச் சொல்கிறார்கள் என்றாள் அசீசுன்னிசா. போய்ப் பார்க்கிறார்களா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைத் தட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடும்போது கூரையே பறந்துவிடும்போல இரைச்சலாக இருக்கும். அப்போது அவள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். உண்ணாமலையைப் பார்த்து, "யாருனா கூப்டா என்னைத் தொடு" என்பாள். சுருக்குப்பைக்குள் கையை விட்டு மிஷினை அணைத்துவிட்டு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பிப்பாள்.